கொல்லைப்புறத்து அடுப்பும் ஞாயிறு கார்ட்டூனும்

மே மாதக் கடைசித் திங்கட்கிழமை அமெரிக்காவில் மெமோரியல் டே. போரில் இறந்த வீரர்களை நினைவுகூரும் நாள். அன்று மதியம் நியூஜெர்சியில் எங்கள் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு பின்பக்கத்திலிருந்து புகை எழும்பும். முதலில் கரி பிடிக்கிற வாசனை வரும், கொஞ்ச நேரத்தில் கொழுப்பு சொட்டிப் பொசுங்குகிற வாசனை. செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் லேபர் டே வரைக்கும் இந்த வாசனை ஓயாது. நடுவில் ஜூலை 4, சுதந்திர தினம், அதன் உச்சம். இந்த மூன்று விடுமுறைகளை ஒட்டி வரும் நாளிதழ்களின் வண்ணக் கார்ட்டூன் பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். எங்காவது ஒரு கட்டத்தில் ஓர் அப்பா ஏப்ரன் கட்டிக்கொண்டு, நீளக் கைப்பிடிக் கரண்டியோடு நெருப்புக்கு முன்னால் நின்றிருப்பார்.

அந்தப் பக்கங்களை நான் பல வருடங்களாகச் சேர்த்து வைக்கிறேன். ஊரில் இருந்தபோது பத்திரிகைகளில் கதைகளுக்குப் படம் வரைந்தவள் நான். இங்கே வந்தபின் எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் சிறுவர்களுக்குக் கார்ட்டூன் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்புக்கு வரும் குழந்தைகள் முதல் நாளில் விண்வெளிச் சண்டையும் டிராகனும் வரைவார்கள். உங்கள் வீட்டை வரையுங்கள் என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். “எங்க வீட்டுல ஒண்ணுமே நடக்காது ஆன்ட்டி” என்பார்கள். உடனே நான் கேட்பது ஒரே கேள்வி: போன தடவை உங்கள் வீட்டில் பார்பெக்யூ போட்டபோது என்ன நடந்தது? அவ்வளவுதான், பத்துக் குழந்தைகளும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிப்பார்கள். அப்பா புருவத்தைக் கருக்கிக்கொண்டது, நாய் சாஸேஜைக் கவ்விக்கொண்டு ஓடியது, மழை வந்ததும் மாமா குடை பிடித்துக்கொண்டே சுட்டது என்று கதைகள் கொட்டும்.

குடும்பக் கார்ட்டூன் என்ற கலைக்கு இந்தக் கொல்லைப்புற அடுப்பு ஏன் இவ்வளவு கொடுத்திருக்கிறது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

அமெரிக்க வீட்டில் சமையல் உள்ளே நடப்பது. பெரும்பாலும் அம்மாவின் கையில், யாரும் பார்க்காமல் நடப்பது. பார்பெக்யூவில் மட்டும் சமையல் வெளியே வருகிறது, அப்பாவின் கைக்குப் போகிறது, எல்லோர் கண்முன்னும் நடக்கிறது. மற்ற நாட்களில் அடுப்பங்கரைப் பக்கம் தலைகாட்டாத மனிதர் அன்று திடீரென்று பொறுப்பாளர். சுற்றிலும் பிள்ளைகள், மாமனார், பக்கத்து வீட்டுக்காரர், அலுவலக நண்பர் என்று சாட்சிகள். அவருக்கு எதிரே நெருப்பு. சொன்ன பேச்சைக் கேட்காத ஒன்றை எல்லோர் எதிரிலும் அடக்கிக் காட்ட வேண்டிய நிலையில் ஒரு மனிதரை நிறுத்திவிட்டால், கதை எழுத வேறென்ன வேண்டும்?

இடமும் கார்ட்டூனுக்கு ஏற்றது. நாளிதழில் வார நாட்களில் வரும் தொடருக்கு மூன்று அல்லது நான்கு சின்னக் கட்டங்கள்தான். வாசகர் அதன்மீது செலவழிப்பது சில விநாடி. இது எந்த இடம், யார் யார், என்ன நேரம் என்பதெல்லாம் முதல் கட்டத்திலேயே, ஒரு வார்த்தை இல்லாமல் புரிந்துவிட வேண்டும். உருண்டை வடிவத்தில் மூன்று கால் வைத்த ஓர் அடுப்பு, மேலே மூன்று வளைகோடு, பின்னால் நாலு பலகை வேலி. கோடை, விடுமுறை, குடும்பம் எல்லாம் அதிலேயே வந்துவிடும். மீதிக் கட்டங்கள் நகைச்சுவைக்கு.

அந்த உருண்டை அடுப்புக்கு ஒரு பிறந்தநாள் உண்டு. சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் மெட்டல் வொர்க்ஸ் என்ற உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபனுக்குத் தன் வீட்டுத் திறந்த அடுப்போடு ஓயாத மல்லுக்கட்டு. காற்றடித்தால் சாம்பல் பறக்கும், கொழுப்பு சொட்டினால் தீ குப்பென்று எழும். பட்டறையில் கடல் மிதவைகள் செய்வதற்காக உலோக அரைக்கோளங்கள் இருந்தன. 1952-இல் ஒன்றை அடியாக வைத்து மூன்று கால் பொருத்தி, இன்னொன்றை மூடியாக்கி, காற்றுக்குத் துளை வைத்தார். மூடினால் தீக்குக் காற்று குறையும், கொழுந்து அடங்கும், சூடு மட்டும் உள்ளே சுற்றிவரும். இன்றுவரை கார்ட்டூனில் பார்பெக்யூ என்றால் வரைவது பெரும்பாலும் இந்த வடிவம்தான். வரைபவளாகச் சொல்கிறேன், ஒரு வட்டத்தையும் மூன்று கோட்டையும் யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் பார்த்தாலும் புரியும். கேஸ் கிரில் பின்னால் வந்தது. வீடுகளில் இன்று அதுவே அதிகம் தென்படுகிறது. ஆனால் அது பெட்டி, அலமாரி மாதிரி நிற்கும். கார்ட்டூனிஸ்டுக்கு அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை.

கரிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1920-களில் ஹென்றி ஃபோர்டு மிச்சிகனில் மாடல் டி கார்களுக்கான மரப் பாகங்களை அறுத்தபோது மிஞ்சிய துண்டுகளை வீணாக்க மனமில்லாமல், கரியாக்கித் தலையணை வடிவக் கட்டிகளாக அழுத்தி விற்றார். கார் விற்கும் கடைகளிலேயே கரிக்கட்டியும் கிடைத்தது. அந்தத் தொழிலுக்கு இடம் பார்த்துக் கொடுத்த உறவினர் எட்வர்ட் கிங்ஸ்ஃபோர்டின் பெயரில்தான் இன்று கடைகளில் கிங்ஸ்ஃபோர்டு கரி மூட்டைகள் அடுக்கிக் கிடக்கின்றன.

அடுப்பும் கரியும் இருந்தால் போதாது, கொல்லை வேண்டும். இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு 1944-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வீட்டுக்கடனை எளிதாக்கியது. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்கள் இருந்த இடத்தில் 1947 முதல் லெவிட்டவுன் எழுந்தது. ஒரே அச்சில் வார்த்த 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள், ஒவ்வொன்றுக்கும் முன்னே புல்வெளி, பின்னே புல்வெளி. நகரத்து அடுக்குமாடியில் வளர்ந்த ஆண்களுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொந்தமாக ஒரு துண்டு நிலம், அதில் என்ன செய்வது என்ற கேள்வி. பலர் அடுப்பு வைத்தார்கள். சில வருடங்களில் ஜனாதிபதியான ஐசன்ஹோவரே இறைச்சித் துண்டுகளைக் கனலின்மீது நேராகப் போட்டுச் சுடுவதில் பேர்போனவர். ஆண் சமைத்தால் கௌரவக் குறைவு என்ற எண்ணத்துக்கு நெருப்பும் திறந்தவெளியும் விலக்கு அளித்தன.

இந்தப் புதிய புறநகர்க் குடும்பத்தை அப்படியே பிடித்த தொடர் ‘ஹை அண்ட் லோயிஸ்’. 1954 அக்டோபர் 18 அன்று தொடங்கியது. எழுதியவர் மோர்ட் வாக்கர், வரைந்தவர் டிக் பிரவுன். வாக்கருக்கு ஏற்கெனவே ‘பீட்டில் பெய்லி’ என்ற ராணுவக் கார்ட்டூன் இருந்தது. பீட்டிலின் சகோதரிதான் லோயிஸ். அவள் கணவன் ஹை ஃபிளாக்ஸ்டன், மூத்தவன் சிப், இரட்டையர் டாட், டிட்டோ, கைக்குழந்தை டிரிக்ஸி. டிரிக்ஸிக்குப் பேச்சு வராது, ஆனால் ஜன்னல் வழியே விழும் சூரியக் கதிரோடு மனசுக்குள் பேசுவாள். பக்கத்து வீட்டில் தர்ஸ்டி, அவர் மனைவி இர்மா. எனக்கு இந்தத் தொடர் பிடிக்கக் காரணம், இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. களைத்துப்போன நல்ல மனிதர்கள், கொஞ்சம் புல் வெட்டுகிறார்கள், கொஞ்சம் சண்டை போடுகிறார்கள், சனிக்கிழமை அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். டிக் பிரவுன் அதற்கு முன் விளம்பர ஓவியர். சிக்கிடா வாழைப்பழத்தின் பெண் உருவத்தை வரைந்தவர் அவர்தான். ஒரு பொருளைப் பார்த்தவுடன் பசி எடுக்கிற மாதிரி வரையத் தெரிந்த கை அது.

மோர்ட் வாக்கர் 1980-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார், ‘தி லெக்சிகன் ஆஃப் காமிகானா’. கார்ட்டூனிஸ்டுகள் காலங்காலமாக வரைந்துவந்த அடையாளங்களுக்கெல்லாம் அதில் குறும்பாகப் பெயர் சூட்டியிருந்தார். தலையைச் சுற்றித் தெறிக்கும் வியர்வைத் துளிகளுக்கு ஒரு பெயர், ஓடுகிறவன் பின்னால் எழும் புழுதி மண்டலத்துக்கு ஒரு பெயர், கோபத்தில் வாயிலிருந்து வரும் நட்சத்திரம், சுருள், கிறுக்கல்களுக்கு ஒரு பெயர். மேலே எழும் நெளிகோடு சூட்டைக் காட்டினால் இண்டோதெர்ம். அதே கோடு மூக்கை நோக்கிப் போனால் வாசனை, அதற்கு வேறு பெயர். பார்பெக்யூ காட்சி ஒன்றை வரையும்போது இந்த அடையாளங்கள் எல்லாமே ஒரே படத்துக்குள் வந்துவிடும். அப்பாவின் நெற்றியில் வியர்வை, அடுப்பின் மேல் சூடு, நாயின் மூக்கை இழுக்கும் வாசனை, விரல் சுட்டதும் வாயில் கிறுக்கல், சாஸேஜோடு பறக்கும் நாய் கிளப்பிய புழுதி. வகுப்பில் கார்ட்டூனின் எழுத்துகளை ஒன்றொன்றாகச் சொல்லிக்கொடுக்காமல் இந்த ஒரு படத்தை வரையச் சொல்கிறேன். பாடம் முழுவதும் அதில் இருக்கிறது.

நெருப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நகைச்சுவையின் அமைப்பே அதில்தான் இருக்கிறது. கரிக்கட்டி பற்றியவுடன் சுட முடியாது. மேலே சாம்பல் பூத்து, உள்ளே கனல் பிடிக்க இருபது நிமிடமோ அரைமணியோ ஆகும். அதுவரை எல்லோரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். பிள்ளைகள் “ஆச்சா, ஆச்சா” என்று கேட்பார்கள். அவசரப்படும் அப்பா பற்றவைக்கும் திரவத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். தீ குப்பென்று ஆளுயரம் எழும். அந்தச் சூட்டில் இறைச்சியின் வெளிப்புறம் இரண்டு நிமிடத்தில் கருகிவிடும், உள்ளே சூடு போய்ச் சேர்ந்திருக்காது. வெளியே கரி, உள்ளே பச்சை. காத்திருப்பு, அவசரம், வெடிப்பு, ஏமாற்றம். நான்கு கட்டங்கள். கார்ட்டூனிஸ்ட் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, இயற்பியலே எழுதிக் கொடுத்திருக்கிறது.

இதை எல்லோரையும்விட உற்சாகமாகப் பயன்படுத்தியவர் பில் அமெண்ட். 1988-இல் தொடங்கிய அவருடைய ‘ஃபாக்ஸ்டிராட்’ தொடரில் அப்பா ராஜர் ஃபாக்ஸுக்குத் தான் பெரிய பார்பெக்யூ நிபுணர் என்று நினைப்பு. அவர் அடுப்பைத் தொட்டாலே கட்டத்தின் பாதியைத் தீக்கோளம் விழுங்கும். அம்மா ஆண்டியோ உடம்புக்கு நல்லது என்று டோஃபுவில் விதவிதமாகச் சமைப்பவள். பீட்டர், பெய்ஜ், ஜேசன் மூவரும் உள்ளே டோஃபு, வெளியே கரி என்று நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். ஒரே நகைச்சுவையை வருடத்துக்கு வருடம் திரும்பச் சொல்லியும் அலுக்காமல் இருந்ததற்குக் காரணம் ராஜரின் நம்பிக்கைதான் என்பது என் கணிப்பு. போன வருடம் எரிந்தது அவருக்கு நினைவே இல்லை. இந்தக் கோடையில் நிச்சயம் நன்றாக வரும் என்று நம்பிப் பற்றவைக்கிறார். எனக்குத் தெரிந்த பல அப்பாக்கள் அப்படித்தான், அதனால்தான் அவர்கள்மேல் அன்பு வருகிறது.

கார்ட்டூனில் தீக்கோளம் வேடிக்கை. வீட்டில் வேண்டாம். எரிகிற கரிமேல் திரவத்தை ஊற்றினால் தீ அந்தத் தாரை வழியாகவே ஏறிக் கையிலிருக்கும் டப்பாவுக்கு வரும். கிரில் அடுப்புகளால் நேரும் தீ விபத்துகள் ஜூலையில்தான் உச்சத்தில் இருக்கின்றன என்று அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் சொல்கிறது. கோழி என்றால் உட்பகுதி 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. முள் வைத்த சின்ன வெப்பமானி எந்தப் பாத்திரக்கடையிலும் கிடைக்கும்.

வாசகர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று, ஜூலை 4 கார்ட்டூன் ஜூலையில் வரையப்படுவதில்லை. நாளிதழ்களுக்குத் தொடர்களை விநியோகிக்கும் கிங் ஃபீச்சர்ஸ் போன்ற நிறுவனங்களுக்கு வாரநாள் படங்கள் ஏறத்தாழ ஆறு வாரம் முன்னதாகவும், வண்ணம் சேர்க்க வேண்டிய ஞாயிறு படங்கள் அதற்கும் முன்னதாகவும் போய்ச் சேர வேண்டும். ஆக, கோடையின் உச்சகட்டப் பார்பெக்யூவை ஓவியர் வரைவது ஏப்ரலில். கனெக்டிகட்டில் அப்போது மரங்கள் துளிர்விடத் தொடங்கியிருக்கும், கொல்லையில் அடுப்பு உறையைக்கூடக் கழற்றியிருக்க மாட்டார்கள். மோர்ட் வாக்கர், டிக் பிரவுன் உட்பட அந்தக் காலத்துக் கார்ட்டூனிஸ்டுகள் பலர் அந்த மாநிலத்தில்தான் அக்கம்பக்கமாக வசித்தார்கள். குளிரில் உட்கார்ந்து வெயிலை வரைய முடிந்ததென்றால், போன கோடையை அவர்கள் எவ்வளவு கூர்ந்து பார்த்துக் குறித்து வைத்திருக்க வேண்டும்! வகுப்பில் நோட்டுப் புத்தகத்தைக் கட்டாயமாக்கியிருப்பது இதனால்தான். நடந்த அன்றே எழுதி வை, வரைவது பிறகு ஆகட்டும்.

ஞாயிறு பக்கத்துக்கு இன்னொரு தொல்லை. இடத்தை மிச்சப்படுத்த விரும்பும் பத்திரிகைகள் மேல்வரிசைக் கட்டங்களை வெட்டிவிடும். ஆகவே முதல் ஒன்றிரண்டு கட்டங்களில் தனியாக ஒரு சின்னச் சிரிப்பை வைத்துவிட்டு, அது இல்லாமலும் மீதிக் கதை நிற்கும்படி எழுத வேண்டும். இந்த வெட்டலுக்கு எதிராகப் போராடி, 1992-இல் ‘கால்வின் அண்ட் ஹாப்ஸ்’ தொடருக்கு முழுதாக அரைப்பக்கம் வாங்கியவர் பில் வாட்டர்சன். பார்பெக்யூவில் மேல்வரிசைக்குக் கரி மூட்டையைப் பிரிப்பது, பழைய சாம்பலைச் சுரண்டுவது, வலையில் ஒட்டிக்கிடக்கும் போன வருடத்துக் கறியைத் தேய்ப்பது என்று சில்லறை வேலைகள் நிறைய உண்டு. வெட்டினாலும் நஷ்டமில்லை, இருந்தால் சிரிப்பு.

வேலியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கொல்லையை விட்டு நகர முடியாது. புகைக்கு எல்லை தெரியாது. அடுப்பு மூட்டினால் பக்கத்து வீட்டுக்குச் சொல்லி அனுப்பிய மாதிரிதான். 1930-இல் சிக் யங் தொடங்கிய ‘பிளாண்டி’யில் குடும்பத் தலைவர் டாக்வுட்டின் பக்கத்து வீட்டு ஹெர்ப் உட்லி இரவல் வாங்கிய சாமானைத் திருப்பித் தராத நண்பர். சென்னையில் ஆங்கில நாளிதழ் வாங்கிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு டாக்வுட்டின் மாடிமாடியாக அடுக்கிய சாண்ட்விச்சும் அவர் சோபாத் தூக்கமும் பழக்கமானவைதான். வேலிக்கு மேல் தலை நீட்டும் அயல்வீட்டுக்காரர் ஒரு கட்டத்தில் வந்துவிட்டாலே கதைக்கு ஒப்பீடு கிடைத்துவிடும்: அவர் அடுப்பு பெரிது, அவர் இறைச்சி தடிமன், அவர் தீ அடங்கியிருக்கிறது. ‘பீனட்ஸ்’ உலகப் புகழ் பெற்ற தொடர், எனக்கும் உயிர். ஆனால் அதில் பெரியவர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். ஆகவே அடுப்புக்கு முன் வியர்க்கும் அப்பாவுக்கும் அதில் இடமில்லை. பார்பெக்யூ கார்ட்டூன் மூன்று தலைமுறையும் ஒரே கட்டத்துக்குள் நிற்கிற குடும்பத் தொடர்களுக்கே உரியது.

இவ்வளவு புகழ்ந்தபின் என் மனக்குறைகளையும் சொல்ல வேண்டும். அப்பா இரண்டு மணி நேரம் நெருப்பு முன் நின்று கைத்தட்டல் வாங்குகிறார். இறைச்சியை முதல்நாளே மசாலாவில் ஊறவைத்தது, உருளைக்கிழங்கு சாலட் செய்தது, தட்டு, கிண்ணம், சாஸ் எல்லாம் வெளியே கொண்டுவந்தது, பின்பு எல்லாவற்றையும் கழுவியது யார்? பழைய தொடர்கள் பலவற்றில் அம்மா படத்தின் ஓரத்தில் கிண்ணத்தோடு நிற்பாள், அவ்வளவுதான். கனடாவின் லின் ஜான்ஸ்டன் 1979-இல் ‘ஃபார் பெட்டர் ஆர் ஃபார் வொர்ஸ்’ தொடங்கியபின் இந்தப் பார்வை மாறியது. அதில் வரும் அம்மா எல்லி பேட்டர்சன் களைத்துப்போவாள், கத்துவாள், பாத்திரத் தொட்டி முன் அழுவாள். அவள் கணவர் ஜான் பல்மருத்துவர், லின்னின் கணவரும் அப்போது பல்மருத்துவர். பிள்ளைகளுக்கு அந்தத் தொடரில் உண்மையாகவே வயது ஏறியது. சின்னப் பிள்ளைகளாக வந்தவர்கள் கல்யாணம் செய்துகொண்டு போனார்கள். அமெரிக்கக் கார்ட்டூனிஸ்டுகள் சங்கத்தின் ரூபன் விருதை முதன்முதலில் பெற்ற பெண் லின்தான். விடுமுறை என்பது வீட்டில் எல்லோருக்கும் விடுமுறையாக இருப்பதில்லை என்று நாளிதழ்க் கார்ட்டூன் பக்கத்தில் அடுத்தடுத்துச் சொன்னவர் அவர்.

இரண்டாவது குறை இன்னும் பெரிது. லெவிட்டவுனில் கறுப்பினத்தவருக்கு வீடு தரவில்லை, ஒப்பந்தத்திலேயே அதை எழுதி வைத்திருந்தார்கள். கார்ட்டூன் பக்கத்துக் கொல்லைகளும் வெகுகாலம் அப்படியே இருந்தன. தென் மாநிலங்களில் குழி வெட்டி, மரக்கனலில் இரவெல்லாம் இறைச்சியைப் பக்குவம் பண்ணும் உண்மையான பார்பெக்யூ கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்களில் கறுப்பின மக்களுக்குத்தான் முதலிடம். அவர்கள் முகம் படத்தில் இல்லை. ‘பீனட்ஸ்’ தொடருக்குள் கறுப்பினச் சிறுவன் ஃபிராங்க்ளின் வந்ததே 1968 ஜூலை 31 அன்றுதான், அதுவும் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபின் ஒரு பள்ளி ஆசிரியை எழுதிக் கேட்டதால். 1988-இல் ரே பில்லிங்ஸ்லியின் ‘கர்ட்டிஸ்’, 1989-இல் ராப் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ‘ஜம்ப் ஸ்டார்ட்’, 2000-இல் லத்தீன் அமெரிக்கக் குடும்பத்தைக் காட்டும் ‘பால்டோ’ என்று பின்னால் வந்தவர்கள்தான் அந்தப் பக்கத்தை ஊராக்கினார்கள்.

இந்த வரிசையில் நம் வீடுகளும் வர வேண்டும் என்பதே என் ஆசை. எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகளில் கோடை விருந்து எப்படி நடக்கும் தெரியுமா? கிரில் வலையை நடுவில் கோடு போட்டுப் பிரித்துவிடுவார்கள். இடப்பக்கம் கோழிக்கால், வலப்பக்கம் அலுமினியத் தாள் விரித்து பனீரும் குடைமிளகாயும் சோளமும். இடுக்கி இரண்டு. ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருக்கும் பாட்டி புடவைமேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வலப்பக்கத்துக்குக் காவல் நிற்பார். “தம்பி, அந்த இடுக்கியால இதத் தொடாதீங்க” என்பார். தாத்தா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இரும்புச் சட்டியில் கடலை வறுத்தால் இன்னும் சீக்கிரம் ஆகும் என்று யோசனை சொல்வார். சுட்ட சோளத்துக்கு வெண்ணெய் தடவுகிறவர்கள் ஒரு கட்சி, எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தேய்க்கிறவர்கள் இன்னொரு கட்சி. பக்கத்து வீட்டு அமெரிக்கர் பீர் புட்டியோடு வேலியோரம் வந்து, அந்த மிளகாய்த்தூள் என்ன என்று கேட்பார். கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணில் தண்ணீர்.

என் வகுப்பில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி இந்தப் பாட்டியை வரைந்தாள். மூன்று கட்டம். முதலில் பாட்டி கையில் இடுக்கியைப் பிடித்துக் காவல் நிற்கிறார். இரண்டாவதில் அப்பா மெதுவாகக் கோழிக்கால் ஒன்றை அலுமினியத் தாள் பக்கம் நகர்த்துகிறார். மூன்றாவதில் அடுப்பு முழுக்க சோளம், அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் அடுப்பில் கோழி சுட்டுக்கொண்டிருக்கிறார். வசனம் இல்லை. ஆனந்த விகடனில் கோபுலு வசனமே இல்லாமல் வரைந்த சிரிப்புத் தொடர்களை அவள் பார்த்ததில்லை. அவள் படத்தைக் கோபுலு பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். திண்ணை, ஊஞ்சல், கூஜா, குடுமி என்று ஒரு வீட்டின் சாமான்களைப் பார்த்தே அந்தக் குடும்பத்தைத் தெரிந்துகொள்ளும்படி கோபுலு வரைவார். அந்தப் பெண்ணும் பாட்டியின் ஸ்வெட்டரில் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருப்பதை விடாமல் வரைந்திருந்தாள்.

முயன்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தை. நகைச்சுவையை யோசிக்காதீர்கள், வீட்டில் ஒவ்வொருவருக்கும் அந்த நேரத்தில் என்ன வேண்டும் என்று யோசியுங்கள். அப்பாவுக்குப் பாராட்டு வேண்டும், பையனுக்குத் தீ வேண்டும், பாட்டிக்குச் சுத்தம் வேண்டும், நாய்க்குச் சாஸேஜ் வேண்டும். இவை ஒன்றோடொன்று மோதும் இடத்தில் கட்டம் போடுங்கள். ஆட்களை நிழலுருவிலேயே அடையாளம் தெரியும்படி வரையுங்கள்: ஒருவர் குண்டு, ஒருவர் ஒட்டடைக்குச்சி, ஒருவருக்குக் கொண்டை. பில் கீன் 1960-இல் தொடங்கிய ‘ஃபேமிலி சர்க்கஸ்’ ஒரே ஒரு வட்டக் கட்டத்தில் முடிந்துவிடும். தன் சொந்தப் பிள்ளைகளையே அதில் வரைந்தார். அதில் வரும் ஜெஃப்பியின் அசலான ஜெஃப் கீன் வளர்ந்து, அப்பாவுக்குப் பின் அந்தத் தொடரை வரைகிறார். ‘பிளாண்டி’ சிக் யங்கின் மகன் கைக்குப் போனது. ‘ஹை அண்ட் லோயிஸ்’ வாக்கர், பிரவுன் இரண்டு பேரின் மகன்கள் கைக்கும் வந்தது. வீட்டைப் பார்த்து வரைந்த கதைகளை வீட்டுப் பிள்ளைகள் தொடர்ந்தார்கள்.

மூலப் படங்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஒஹையோ மாநிலம் கொலம்பஸில் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பில்லி அயர்லாந்து கார்ட்டூன் நூலக அருங்காட்சியகத்துக்குப் போகலாம். மோர்ட் வாக்கர் 1974-இல் கனெக்டிகட்டில் தொடங்கிய கார்ட்டூன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பும் 2008-இல் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. அச்சில் தெரியாத வெள்ளைப் பூச்சுத் திருத்தங்களும், மையின் கீழே நீலப் பென்சில் கோடுகளும் அசலில் தெரியும். குழந்தைகளைக் கூட்டிப் போங்கள், அவர்களுக்கு அது பெரிய தைரியம் தரும்.

தமிழ்ப் பத்திரிகை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வாரம் நான்கு கட்டம், பக்கத்தின் கால்பகுதி, ஒரு குடும்பத்துக்குக் கொடுங்கள். நியூஜெர்சியின் எடிசனில் இருக்கட்டும், ஈரோட்டில் இருக்கட்டும், மொட்டைமாடியில் கரி அடுப்பு வைத்துக் கோழி சுடுகிற வீடாகக்கூட இருக்கட்டும். அதே அப்பா, அதே பாட்டி, அதே பக்கத்து வீட்டுக்காரர் வாராவாரம் வர வேண்டும், வருடக்கணக்கில் வர வேண்டும். வரைவதற்கு ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் நூலக வகுப்பில் பத்துப் பேர் இருக்கிறார்கள்.